"விசேஷம் இல்லையா?" என்று கேட்கிறார்கள்: கேள்வி பதில்

புதுச்சேரியில் குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் தம்பதிகளுக்கு மனநல ஆலோசனை சொல்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

எனக்கு பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), எடை 84 கிலோ. நாத்தனார் வளைகாப்பில் என்னை நலங்கு வைக்கக் கூப்பிடவில்லை. "உடம்பைக் குறைச்சிருந்தா இந்நேரம் பிள்ளை ஓடியிருக்கும்" என்கிறார் மாமியார். என் தப்பா? (நெல்லிக்குப்பம்)

இல்லை சகோதரி. பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. எடை சுலபமாக ஏறும், இறங்க அடம் பிடிக்கும், கருமுட்டையும் மாதாமாதம் வெளிவராது. சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 60 கிலோவுக்கு வந்தால்தான் என்றும் இல்லை. ஐந்து சதவீதம், அதாவது நாலு கிலோ சொச்சம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். அடுத்த வளைகாப்புக்கு மனம் இல்லையென்றால் கணவர் மட்டும் போய்ச் சீர் வைத்துவிட்டு வரட்டும். மாமியாரிடம் பேச வேண்டியவரும் அவர்தான்.

மனைவி எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டாள். என்னையும் விந்துப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறாள். நான் 102 கிலோ, கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தக் குறை கிடையாது. (திருப்பாதிரிப்புலியூர்)

தம்பி, என் அறையில் இரண்டு நாற்காலி போட்டிருப்பேன். பல நாள் ஒன்று காலியாகவே இருக்கும். ரிப்போர்ட் நிறைந்த மஞ்சள் பையை அந்த நாற்காலியில் வைத்துவிட்டு மனைவி பேசுவாள், கணவர் வெளியே பைக்கில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்கேன், ஊசி, ரத்தம் எல்லாம் அவளுக்கு. உங்களுக்கு ஒரே ஒரு டப்பாதான். குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. உடலில் கொழுப்பு கூடினால் அது ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும், விந்தணுவும் குறையலாம். ஆனால் விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்பதால், இன்று நீங்கள் மாற்றுவது மூன்று மாதத்தில் ரிப்போர்ட்டில் தெரியலாம். கூச்சம் இருக்கட்டும், கூச்சத்தோடயே போங்க. அவள் நாலு வருஷமாக அப்படித்தான் போகிறாள்.

தேதி பார்த்துச் சேர்வதால் ஆசையே போய்விட்டது. (முத்தியால்பேட்டை)

காலண்டரை ஓரம் வையுங்கள். டாக்டர் குறிப்பிட்ட நாள் தந்திருந்தால் ஒழிய, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை போதும். சாயங்காலம் வண்டி விடாத நேரத்தில் பீச் ரோட்டில் சேர்ந்து நடங்கள், அப்போது குழந்தைப் பேச்சு வேண்டாம்.

ஒவ்வொரு மாதமும் தலைக்கு ஊற்றும் நாளில், இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. (கடலூர் முதுநகர்)

அம்மா, இதைப் படித்ததும் முதலில் 14416-க்கு போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, காசு இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இப்போதே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்பி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அப்புறம் கணவரிடம் இந்தக் கேள்வியை அப்படியே காட்டுங்கள். சிகிச்சையை ஒரு மாதம் தள்ளிப் போடலாமா என்று டாக்டரிடம் இரண்டு பேரும் போய்க் கேளுங்கள்.