92 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு விவசாயியை எப்படி எழுதி முடிப்பது?

முதுமையில் மறைந்த விவசாயி ஒருவரைப் பற்றிக் குடும்ப நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்ததாகவும், "அயராத உழைப்பாளி, குடும்பத்தை உயிராக நேசித்தவர்" என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1931இல் பிறந்து 2023இல் மறைந்த என் தாத்தாவைப் பற்றி எழுத முயன்றபோது நானும் அங்கேயேதான் நின்றேன். அந்த இரண்டு சொற்றொடர்களும் பொய்யில்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் எந்த வீட்டுப் பெரியவருக்கும் பொருந்திவிடும்.

எனக்கு வழி காட்டியது அவருடைய சாகுபடிக் கணக்கு நோட்டுகள். விதைத்த நாள், நடவு நாள், ஆள்கூலி, உர மூட்டை, கண்ட நெல் என்று எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். கணக்கு என்றுதான் அதைத் திறந்தேன். ஆனால் "களை எடுக்கவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றும், "பெரியவன் பரீட்சை எழுதப் போனான், நாற்றுப் பறிப்பு நாளைக்கு" என்றும் ஓரங்களில் வீட்டுச் செய்திகள் இருந்தன. வயலுக்குத் தனி நோட்டு, வீட்டுக்குத் தனி நோட்டு என்று அவர் வைத்துக்கொள்ளவே இல்லை. நான் எழுதிய கட்டுரையில்தான் "விவசாயி" என்று ஒரு பத்தியும் "குடும்பத் தலைவர்" என்று இன்னொரு பத்தியும் இருந்தன. இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் தொடங்கினேன்.

நோட்டுகளை வரிசையாக அடுக்கி எத்தனை அறுவடை என்று எண்ணிப் பார்த்தேன். 1949இல் தனியாகச் சாகுபடி செய்யத் தொடங்கி 1967 வரை ஆண்டுக்கு ஒரு போகம்; அதன்பின் 2011இல் நிலத்தை அப்பாவிடம் ஒப்படைக்கும் வரை பெரும்பாலும் இரண்டு போகம். மழை பொய்த்த ஆண்டுகளைக் கழித்தால் நூறை ஒட்டிய எண்ணிக்கைதான் வருகிறது. ஒரு தச்சர் ஒரே ஆண்டில் நூறு நாற்காலி செய்து கைப்பழக்கம் பெற்றுவிடலாம். 92 வயது வரை இருந்த ஒருவருக்குத் தன் தொழிலைச் செய்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பே அவ்வளவுதான் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

ஒரு போகம் இரண்டு போகமானதற்குக் காரணம் 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகம். பழைய நெட்டை ரகங்களில் பல, பகற்பொழுது குறையும் பருவம் வந்தால்தான் பூக்கும். வயலிலிருந்து கதிர் வீடு வர ஐந்தரை மாதமாவது ஆகும். உரம் கூடினால் சாய்ந்தும் விடும். ஐ.ஆர்.8 ஏறக்குறைய 130 நாளில் முற்றியது, யூரியா போட்டாலும் நிமிர்ந்து நின்றது. தாத்தா அதை வரவேற்றார், ஆனால் முழுவதுமாக நம்பவில்லை. குட்டைப் பயிரில் வைக்கோல் குறைவு, மாடுகளுக்குப் போதாது என்பதால் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் நெட்டை நெல்லை விடாமல் போட்டுவந்தார். எழுபதுகளில் புகையான் பூச்சி வந்து குட்டைப் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்தபோது வீட்டுக்கு விதையும் மாட்டுக்குத் தீனியும் தந்தது அந்தத் துண்டு நிலம்தான். இதை அவருடைய தீர்க்கதரிசனம் என்று எழுத எனக்கு ஆசை வந்தது. உண்மையில் அவர் நினைத்தது மாடுகளை மட்டுமே, அப்படியே எழுதினேன்.

விதை தேர்வு செய்யும் நாளைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதினேன். பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வருவார். ஒரு கோழி முட்டையைப் போட்டால் அது மிதக்க வேண்டும், அதுதான் அளவு. பிறகு விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மேலே வந்துவிடும், முற்றிய மணி அடியில் தங்கும். முளைப்பு கெடாமலிருக்க அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுவார். முட்டையைப் போடும் உரிமை வீட்டிலேயே சிறிய குழந்தைக்கு. ஒரு காலத்தில் அது அப்பா, பிறகு சித்தப்பா, பிறகு நான், கடைசியாக என் மகள். குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சும் பழக்கம் அவருக்கு இல்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அந்த முட்டையை எங்கள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்ததை நான் வேறு எந்தக் கணக்கில் சேர்ப்பது?

குறைகளையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் ஏழு நாளுக்கு ஒருமுறை, அதுவும் இரவில், முறை வைத்து வரும். தவறவிட்டால் அடுத்த வாரம்தான். சித்தப்பாவுக்கு நான்கு வயதில் கடும் காய்ச்சல் கண்ட ஓர் இரவில் தாத்தா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைய தேதியில் நோட்டில் இருப்பது ஒரே வரி: "இரவு 2 மணி மடை திறந்தது, பையனுக்குச் சுரம் 103." அவரைக் காப்பாற்றும் விதமாகவும் எழுதிப் பார்த்தேன், குற்றம் சாட்டும் விதமாகவும் எழுதிப் பார்த்தேன், முடிவில் அந்த வரியை மட்டும் அப்படியே வைத்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் இப்படி நோட்டு இல்லாமல் போகலாம். அப்போது "அவர் எப்படிப்பட்டவர்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள், திரும்பவும் "உழைப்பாளி" என்ற பதில்தான் வரும். அறுவடைப் பணம் வந்ததும் முதலில் எதற்குச் செலவழித்தார், எந்த மாட்டை விற்றபோது சாப்பிடாமல் இருந்தார், நிலத்தில் யாரோடு எதற்காகப் பேச்சு முறிந்தது, வேலையை விட்ட பிறகு காலையில் எங்கே போய் உட்கார்ந்தார் என்று கேளுங்கள்.

எழுதி முடித்ததை வீட்டில் எல்லோரையும் வைத்து வாசித்துக் காட்டினேன். முட்டையை முதலில் போட்டது அப்பா இல்லை, தான்தான் என்று அத்தை சண்டைக்கு வந்தார். பிள்ளைகளில் மூத்தவர் அவர் என்பதால் அதைத் திருத்திக்கொண்டேன். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் இரவைப் பற்றிய வரி வந்தபோது, அதுவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "ரெண்டு மணி இல்லை, ஒரு மணிக்கே போயிட்டாரு" என்றார். நோட்டில் இருந்த நேரத்தை மாற்றாமல், பாட்டி சொன்ன நேரத்தையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைத்தேன்.