வைட்டமின் ஈ பூசிய ஃபில்டருக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. 20 வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு வருடமாக ஒரு தனியார் மையத்தில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த வழி) இருக்கிறது. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஒரே ஃபில்டரைக் கழுவித் திரும்பவும் பயன்படுத்துகிறார்கள். "சாதா ஃபில்டரால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடி இதயம் கெடும், வைட்டமின் ஈ பூசிய ஃபில்டருக்கு மாறிவிடுங்கள்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அதற்கு நான் கடன்தான் வாங்க வேண்டும். சித்தியோ தினமும் நெல்லிக்காய் ஜூஸ் கொடுத்தால் போதும் என்கிறார். எதைச் செய்வது? (வாசகி, ஈரோடு)

பதில்: கடன் வாங்க வேண்டாம். அந்த ஃபில்டரில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதே பணத்தையும் அக்கறையையும் வேறு சில இடங்களில் செலவிட்டால் உங்கள் அப்பாவுக்கு அதைவிட நிச்சயமான பலன் கிடைக்கும்.

முதலில், உங்களுக்குச் சொல்லப்பட்டதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் வீரியமுள்ள சில மூலக்கூறுகள் உருவாகின்றன. அவற்றை அடக்கும் பொருட்களும் உடலிலேயே உண்டு. தாக்குவது மிஞ்சி, அடக்குவது குறைந்தால் ரத்தக்குழாயின் உட்சுவர், கொழுப்பு, புரதம் எல்லாம் சேதமாகும். இதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். டயாலிசிஸ் செய்பவர்களிடம் இது அதிகம், உண்மைதான். ஆனால் டயாலிசிஸுக்கு வெகுகாலம் முன்பே, சிறுநீரகம் மெல்லப் பழுதாகும்போதே இது தொடங்கிவிடுகிறது. தேங்கும் கழிவுகள், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஓயாத அழற்சி என்று காரணங்கள் பல. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு வைட்டமின் சி போன்ற நீரில் கரையும் சத்துகளும் கழிவோடு சேர்ந்து வெளியே போகின்றன. மொத்தப் பழியையும் ஃபில்டர் மேல் போட முடியாது.

ஒரு காலத்தில் ஃபில்டருக்கும் பெரிய பங்கு இருந்தது. 1943இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் செய்த முதல் டயாலிசிஸ் இயந்திரத்தில், தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயைத்தான் உருளையில் சுற்றியிருந்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஃபில்டர் சவ்வு என்றால் செல்லுலோஸ்தான். குப்ரோஃபேன் என்ற வகை உலகம் முழுக்க ஓடியது. அந்தச் சவ்வில் ரத்தம் பட்டதும், கிருமி வந்துவிட்டது என்று நம் எதிர்ப்பு அமைப்பு தவறாக எடுத்துக்கொள்ளும். 15 நிமிடத்துக்குள் ரத்தத்தில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை சரியும். அவை அழிவதில்லை, நுரையீரலின் நுண்குழாய்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய அணுக்கள், மேலே சொன்ன தாக்கும் மூலக்கூறுகளில் ஒன்றான சூப்பர்ஆக்சைடையும், ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் கக்கும். ப்ளீச்சில் கிருமியைக் கொல்வதும் இந்த அமிலம்தான். வாரம் மூன்று முறை, வருடக்கணக்கில் இது நடந்தால் உடம்பு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். சவ்வும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் என்ற கவலை பிறந்தது இங்கேதான். நியாயமான கவலை.

இன்று நம் மையங்களில் பெரும்பாலும் இருப்பது பாலிசல்ஃபோன் அல்லது பாலிஈதர்சல்ஃபோன் சவ்வு. இவற்றிலும் கொஞ்சம் தூண்டல் உண்டு, ஆனால் பழைய செல்லுலோஸோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அப்பாவின் ஃபில்டர் லேபிளைப் பாருங்கள். இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், உங்களை மிரட்டிய அந்த ஆபத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே நீங்கிவிட்டது என்று அர்த்தம்.

வைட்டமின் ஈ பூசிய ஃபில்டர் ஜப்பானில் உருவானது. ரத்தம் படும் உட்பரப்பில் வைட்டமின் ஈ பிணைக்கப்பட்டிருக்கும். முதலில் செல்லுலோஸ் மேல் பூசினார்கள், பிறகு பாலிசல்ஃபோன் மேல். ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பு, அழற்சியைக் காட்டும் சில ரத்தப் பரிசோதனை அளவுகள் (குறியீடுகள்) ஆகியவை இதனால் குறைவதைப் பல சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள், மாரடைப்பு குறைந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

குறியீடு குறைந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நோயாளிகளின் குடும்பங்கள் அதிகம் ஏமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தசோகைக்காக ரத்தத்தில் ஏற்றும் இரும்புச்சத்து ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். ஆய்வகத்தில் இதை எளிதாகக் காட்டலாம். அதனால் இரும்பை அளந்து, பயந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து நடந்த பிவோட்டல் ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மாதம் 400 மில்லிகிராம் வரை தாராளமாக இரும்பு. இன்னொரு பிரிவினருக்கு உடலில் இரும்பு குறைந்த பிறகு மட்டும். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேருவது எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் தாராளப் பிரிவில் 29.3 சதவீதம், மற்றதில் 32.3 சதவீதம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 700ஐத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும் என்ற வரம்போடுதான் கொடுத்தார்கள், அதையும் மறக்கக் கூடாது. ஆக்சிஜனேற்றக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இந்த நன்மையை இழந்திருப்போம்.

நேர் எதிரான கதையும் உண்டு. உடலின் சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பு வேலையையே முடுக்கிவிடும் பார்டாக்சோலோன் என்ற மருந்தை, சர்க்கரை நோயால் சிறுநீரகம் நான்காம் கட்டத்துக்குப் பழுதானவர்களிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு கூடியதால் 2012இல் ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. வைட்டமின் ஈ மாத்திரை விஷயமும் தெளிவாக இல்லை. இஸ்ரேலில் 2000இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 196 டயாலிசிஸ் நோயாளிகளிடம் தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ இதயப் பாதிப்புகளைக் குறைத்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஹோப் ஆய்வில், சிறுநீரகம் சற்றே பழுதானவர்களுக்கு 400 யூனிட் கொடுத்ததில் எந்தப் பலனும் இல்லை. ஒரு சிறிய ஆய்வை நம்பி எல்லோருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் க்ளோபிடோக்ரெலும் எடுப்பவர்களுக்கு வைட்டமின் ஈ அதிகமானால் ரத்தக்கசிவு பயமும் இருக்கிறது.

ஃபில்டர் தொழில்நுட்பத்தில் உயிரைக் காத்ததற்குச் சான்று உள்ள ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது ஹீமோடயாஃபில்ட்ரேஷன். ஐரோப்பாவில் 1,360 பேரிடம் நடந்து 2023இல் வெளியான கன்வின்ஸ் ஆய்வில், வழக்கமான ஹை ஃப்ளக்ஸ் (பெரிய துளைகள் உள்ள சவ்வு) டயாலிசிஸ் செய்தவர்களில் 21.9 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்த முறையில் 17.3 சதவீதம். ஆனால் ஒவ்வொரு அமர்விலும் 20 லிட்டருக்கு மேல் திரவத்தை நேரடியாக ரத்தத்தில் செலுத்தும் முறை இது. மிக மிகத் தூய நீர் இல்லாத மையத்தில் இதை நினைத்தே பார்க்கக் கூடாது.

நீங்கள் உடனே விசாரிக்க வேண்டியதும் தண்ணீரைப் பற்றித்தான். நிமிடத்துக்கு 500 மில்லி என்று நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் அப்பாவின் ரத்தத்தைத் தொட்டுச் செல்கிறது. நடுவில் இருப்பது அந்த மெல்லிய சவ்வு மட்டும். கிருமிகளின் நச்சுத் துணுக்குகள் (எண்டோடாக்சின்) நீரில் இருந்தால் சவ்வைக் கடந்து போய் அழற்சியைத் தூண்டும். குடிநீரில் கலக்கும் குளோரமின் சிவப்பணுக்களை நேரடியாக ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கும். ஆர்.ஓ. இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட முடியாது. குளோரமினை ஆர்.ஓ. சரியாகத் தடுக்காது, அதற்கு முன்னால் உள்ள கார்பன் தொட்டிதான் தடுக்கும். கார்பன் தீர்ந்துவிட்டால் காவல் இல்லை. ஒரே மையத்தில் பல பேருக்கு ஒரே சமயத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் நான் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிப்பேன். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரத்து டயாலிசிஸ் மையத்தில், பாசி நச்சு கலந்த தண்ணீரால் 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். எந்த விலையுயர்ந்த பூச்சும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

ஆகவே மையத்தில் மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள்: கார்பன் தொட்டிக்குப் பிறகு குளோரின் அளவை ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்பும் பார்க்கிறீர்களா? மொத்த குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா? கிருமி, எண்டோடாக்சின் பரிசோதனை மாதாமாதம் நடக்கிறதா, கடைசி ரிப்போர்ட் எங்கே? நல்ல மையம் நோட்டை எடுத்துக் காட்டும். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

ஃபில்டரைத் திரும்பப் பயன்படுத்துவது நம் ஊரில் சகஜம். முறையாகச் செய்தால் அது குற்றம் இல்லை. ஃபில்டரில் அப்பாவின் பெயர் இருக்க வேண்டும். உள் கொள்ளளவு முதலில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டும். கிருமிநாசினி மிச்சம் இல்லை என்று ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி இருப்பவரின் ஃபில்டர் மறுபயன்பாட்டுக்கே போகக் கூடாது. இவற்றில் எதிலாவது சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு முறையும் சாதா புதிய ஃபில்டர் கேளுங்கள். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வந்தால், முதல் சில நிமிடங்களில் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், உடனே ஊழியரை அழைக்க வேண்டும். வழக்கமாக வருவதுதான் என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். வாரம் இரண்டு முறை என்பது, சிறுநீர் ஓரளவு போகாதவர்களுக்குப் பெரும்பாலும் போதாது. தேங்கும் கழிவும் நீருமே அழற்சிக்கும் ஆக்சிஜனேற்றத்துக்கும் தீனி. அப்பாவுக்கு ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைவு என்றால் மூன்றாவது அமர்வுதான் உங்கள் முதல் செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு, அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவைப் போய்ப் பாருங்கள். கூடவே ஆல்புமின் (ரத்தப் புரதம்), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது), ஃபெரிட்டின் மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சி.ஆர்.பி. தொடர்ந்து அதிகமாக இருந்தால் பல், கால் புண், ஃபிஸ்டுலா என்று தொற்று ஒளிந்திருக்கும் இடத்தைத் தேட வேண்டும். சர்க்கரை நோயாளிகளிடம் கால் விரல் இடுக்கில் இருக்கும் சின்னப் புண் பல மாதம் யார் கண்ணிலும் படாமல் போகும்.

கடைசியாக சித்தியின் நெல்லிக்காய் ஜூஸ். அவர் அன்பாகச் சொல்கிறார், ஆனால் இதை நிறுத்துங்கள். டயாலிசிஸில் வைட்டமின் சி இழப்பாவது உண்மை. அதை ஈடுகட்ட மருத்துவர் எழுதித் தரும் சிறிய அளவு மாத்திரை போதும். அளவு மிஞ்சினால் வைட்டமின் சி உடலில் ஆக்சலேட் என்ற கழிவுப் பொருளாக மாறும். வேலை செய்யாத சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, டயாலிசிஸும் முழுதாக எடுக்காது, எலும்பிலும் இதயத்திலும் போய்ப் படியும். ஜூஸில் பொட்டாசியமும் தண்ணீர்க் கணக்கும் வேறு இருக்கின்றன. ஒரு துண்டு நெல்லிக்காய் ஊறுகாய் என்று ஆரம்பித்தால் உப்பு வந்து நிற்கும், அதனால் அதுவும் வேண்டாம். தமரத்தம்பழம் எனப்படும் நட்சத்திரப் பழத்தை மட்டும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதிலுள்ள நச்சு இவர்கள் உடலில் தங்கி, நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோயிருக்கிறது. வீட்டில் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கும் சூரணம், கேப்சூல், பொடி எதுவானாலும், அடுத்த டயாலிசிஸ் அன்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் உங்கள் சிறுநீரக மருத்துவரின் மேஜையில் வைத்து, எதைத் தொடரலாம் எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.