புது வைட் லென்ஸில் வீட்டு டைனிங் ரூமை எப்படிப் படம் எடுப்பது? சுவர் சாய்கிறது, எல்லாம் மஞ்சளாக வருகிறது. உதவுங்கள்.

லென்ஸ் எது, கேமரா எது என்று நீங்கள் எழுதவில்லை. 'வைட்' என்று சொன்னதை வைத்து, கேனான் 10-18 (எம்எம் கணக்கு, எண் குறையக் குறைய அகலமாகத் தெரியும்) அல்லது அதன் பங்காளி ஏதோ ஒன்று, கேமராவும் சின்ன சென்சார் (படம் பதிகிற சில்லு) கேமராதான் என்று நானாக முடிவு செய்துகொள்கிறேன். வீடு புதிதாகக் கட்டியிருப்பீர்கள், இல்லை பெயிண்டாவது அடித்திருப்பீர்கள். அறை பத்துக்குப் பத்து இருக்கும். ஆறு பேர் உட்காரலாம் என்று வாங்கிய டேபிளில் இப்போது மாத்திரை டப்பா, கரண்ட் அட்டை, குக்கர் கேஸ்கட், பாதி தின்ற மிக்சர் பாக்கெட் எல்லாம் உட்கார்ந்திருக்கும். மனிதர்கள் டிவி முன்னால் தரையில் தட்டை வைத்துக்கொண்டு இருப்பார்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும், எங்கள் வீட்டில் அப்படித்தான்.

நான் ஸ்டுடியோ வைத்திருக்கிற ஆள் இல்லை. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமராவைத் தூக்குவேன். 'வீட்டுக்குள் எடுப்பதென்றால் டில்ட் ஷிஃப்ட் லென்ஸ்தான்' என்று வகுப்பெடுக்க வருகிற அண்ணாச்சிகளுக்கு: தெரியும் அண்ணாச்சி, சுவர் சாயாமல் எடுக்கிற லென்ஸ். அந்தக் காசுக்கு நான் பைக் வாங்கிவிடுவேன்.

பதில் இதுதான். லென்ஸை 10-க்குத் திருப்பாதீர்கள். 16, 18-ல் வைத்துக்கொண்டு அறைக்கு வெளியே போய் நின்று எடுங்கள். கேமராவைக் குனிய விடாதீர்கள். லைட்டை எல்லாம் அணைத்துவிடுங்கள். இதற்கு மேல் நான் எழுதப் போவது, இதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு மானம் போனது என்கிற கதை. நேரம் இல்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

எங்கள் பூர்வீக வீடு வீரவநல்லூரில் இருக்கிறது. அந்தக் காலத்து நீள வீடு. தார்சா (முன் வராந்தா), பட்டாசல் (கூடம்), ரெண்டாங்கட்டு (அதற்கு அடுத்த அறை), அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அப்பா காலத்தில் நெல் மூட்டை அடுக்கியிருந்த ரெண்டாங்கட்டைத்தான் அண்ணன் தரைக்கு டைல்ஸ் ஒட்டி, டேபிள் போட்டு டைனிங் ரூம் ஆக்கினான். அகலம் ஒன்பது அடி, நீளம் பதின்மூன்று. கிழக்கே ஒரு ஜன்னல். அவ்வளவுதான் அறை.

முதலில் என்னிடம் இருந்தது 50 எம்எம் லென்ஸ். 'இதை வாங்குங்க சார், உள்ளே வெளியே எல்லாத்துக்கும் ஆகும்' என்று கடைக்காரர் சொல்லித் தந்தது. முகம் எடுக்க அருமையான லென்ஸ், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சின்ன சென்சார் கேமராவில் 50 போட்டால், பத்தடி தூரத்தில் அகலவாக்கில் நாலரை அடிதான் படத்துக்குள் வரும். சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தேன். ரெண்டு நாற்காலியும் ஒரு தண்ணீர்ச் செம்பும் வந்தன. அதே பத்தடியில் 18 என்றால் பன்னிரண்டு அடிக்கு மேல் வரும், 10 என்றால் இருபத்திரண்டு அடி. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் மயங்கி 10-18 வாங்கினேன். நீங்களும் இதே மயக்கத்தில்தான் வாங்கியிருப்பீர்கள்.

லென்ஸ் வந்த அதே மாதம் அண்ணன் மகனுக்குப் பெண் பேசினார்கள். பெண் வீடு தூத்துக்குடி பக்கம். வீடு பார்க்க வருவதற்கு முன்னால், 'பெரியவங்க சில பேரு வர முடியாது, வீட்டைப் படம் எடுத்து வாட்ஸப்புல போடுங்க' என்று கேட்டார்கள். விடுவேனா? சனிக்கிழமை ராத்திரியே போய் இறங்கிவிட்டேன். டியூப்லைட், பல்பு, சாமி படத்து சீரியல் லைட் என்று எரிகிறதை எல்லாம் எரிய விட்டு, ரெண்டாங்கட்டின் மூலையில் ஏறி நின்று, 10-ல் வைத்து, கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து எடுத்தேன்.

படத்தைப் பார்த்து எனக்கே புல்லரித்தது. எங்கள் ரெண்டாங்கட்டா அது! டேபிளின் இந்த முனை தோணி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்க, எதிர்ச் சுவர் எங்கேயோ தொலைவில் தெரிந்தது. இருபது பேர் தாராளமாக உட்காரலாம் போல இருந்தது. சுவர் ரெண்டும் கூம்பு மாதிரி சாய்ந்திருந்ததை நான் 'ஸ்டைல்' என்று எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் நின்ற மதினி மட்டும் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, என்னைய இம்புட்டு அகலமா எடுத்து வச்சிருக்கிய?" என்றாள். அவள் பக்கத்தில் இருந்த ஃபிரிட்ஜும் பீரோ அளவுக்கு அகன்றுதான் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அனுப்பிவிட்டேன்.

எட்டுப் பேர் வருவதாகச் சொன்னவர்கள், இருபத்தொரு பேர் வேனில் வந்து இறங்கினார்கள்.

'வீடு நல்ல விசாலமா இருக்கே, சிரமம் இருக்காதுன்னு எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டோம்' என்றார் பெண்ணின் பெரியப்பா. மதினி பன்னிரண்டு பேருக்குக் கணக்குப் பண்ணிச் சொதி வைத்திருந்தாள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், சாம்பார் மாதிரி தண்ணீர் ஊற்றி நீட்டுகிற குழம்பு இல்லை அது. தேங்காயில் மூன்று பால் எடுத்து, தண்ணிப்பாலில் காயையும் பாசிப்பருப்பையும் வேக வைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். ஆக, வந்தவர்களுக்கு 'வாங்க' சொல்ல வேண்டிய நேரத்தில் நான் புறவாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். டேபிளில் ஆறு பேர், பட்டாசலில் பாய் விரித்து மீதிப் பேர் என்று மூன்று பந்தி ஓடியது. மூன்றாவது பந்தியில் இஞ்சிப் பச்சடி இல்லை. அதை மதினி இன்னும் மறக்கவில்லை.

பெரியப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போனும் கையுமாக ரெண்டாங்கட்டுக்குள் வந்தார். படத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். நான் ஏறி நின்ற அதே மூலையில் போய் நின்று மறுபடியும் பார்த்தார். "இதானா அது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. அப்புறம் படத்தை விரலால் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். "இந்தக் கண்ணாடிக்குள்ள சாரம் கட்டிக்கிட்டு நிக்கிறது யாரு?" ஷோகேஸ் கண்ணாடியில், மடித்துக் கட்டிய சாரத்தோடு (லுங்கிதான்), கேமராவை மூக்கில் ஒட்டிக்கொண்டு நான்.

சம்பந்தம் முடிந்தது, நல்ல மனிதர்கள். ஆவணியில் கல்யாணமும் நடந்தது. அந்தப் பிள்ளை இப்போதும், "சின்ன மாமா, எங்க மாடி ரூமையும் அதே மாதிரி எடுத்துத் தாங்க, வாடகை கூடக் கேக்கலாம்" என்கிறாள்.

சரி, ஏன் இப்படி வருகிறது? லென்ஸ் பழுது இல்லை, அதனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். 10-ல் வைத்தால் எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது என்று நாம் பொருளுக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறோம். ரெண்டடியில் இருக்கும் டேபிள் முனைக்கும் பதின்மூன்று அடியில் இருக்கும் சுவருக்கும் ஆறேழு மடங்கு வித்தியாசம். பக்கத்தில் இருப்பது பூதாகாரமாகவும், தூரத்தில் இருப்பது சுண்டைக்காயாகவும் தெரியத்தான் செய்யும். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டுகிற இந்த மாதிரி லென்ஸ், அதற்கு விலையாக ஓரத்தில் இருப்பதை இழுத்து அகலமாக்கிவிடும். மதினிக்கு ஆனது அதுதான். போனில் 0.5 போட்டாலும் இதே கூத்துதான், அதனால் 'போன்லயே எடுக்கலாமே' என்று யாரும் வர வேண்டாம்.

சுவர் சாய்வது கேமராவைச் சாய்ப்பதால். மட்டமாக வைத்தால் சுவர் நேராக நிற்கும். கேமராவிலேயே மட்டம் காட்டும் கோடு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். உயரம் மூன்றரை, நாலு அடி போதும். நின்ற உயரத்தில் எடுத்தால் டேபிள் விரிப்பில் உள்ள பூவும், கூரையில் உள்ள ஃபேனும்தான் தெரியும்.

மஞ்சள் வருவது நாலு விதமான விளக்கு ஒரே நேரத்தில் எரிவதால். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் இன்னொரு நிறம், குண்டு பல்பு வேறு நிறம். கேமரா எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும், பாவம்? எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜன்னலை மட்டும் நம்புங்கள். ராத்திரியில்தான் எடுக்க வேண்டும் என்றால் ஒரே வகை விளக்கை மட்டும் எரிய விடுங்கள், ஷட்டர் 1/50 நொடியைவிட வேகமாகப் போக வேண்டாம். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். வேகமாக எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. கேமரா வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் போதும், ஊருக்கே அவன் ஓசி போட்டோகிராபர். காதுகுத்து, வளைகாப்பு, புது டிராக்டருக்குப் பூஜை எல்லாவற்றுக்கும் 'சும்மா ரெண்டு படம் எடுத்துட்டுப் போங்க' என்பார்கள். போன தை மாசம் ஒரு சொந்தக்கார வீட்டுச் சடங்கில் காலையிலிருந்து ஆறு மணி நேரம் நின்றேன். பந்தியில் எனக்கு இலை போட்டபோது ரசம்தான் மிச்சம். கிளம்பும்போது, 'பென்டிரைவ் நீங்களே ஒண்ணு வாங்கிப் போட்டுக் குடுத்துருங்க' என்றார்கள். வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து பிரிண்ட் போட்ட ஸ்டுடியோக்காரர் பெயரைத்தான் ஆல்பத்தில் பார்த்தேன். சவத்தை விடுங்கள், உங்கள் கேள்விக்கு இதற்கும் சம்பந்தம் இல்லை.

கல்யாணத்துக்கு அடுத்த வருஷம், ஆடி மாதம், மறுபடி வீரவநல்லூர் போனேன். மேற்கே மலையில் சாரல் இறங்கியிருக்கும்போது எங்கள் பக்கம் வெயில் மங்கி, வெளிச்சம் பால் மாதிரி இருக்கும். காலை எட்டரை. இந்தத் தடவை பட்டாசலில், வாசல் நிலைக்கு ரெண்டடி வெளியே கேமரா முக்காலியை வைத்தேன். மூன்றடி நிலை, ரெண்டடி தூரம், 18-ல் வைத்தால் நிலைக்கட்டை படத்தில் விழாது. முக்காலி டைல்ஸில் வழுக்கியது, கீழே பழைய கால்மிதியைப் போட்டேன். லென்ஸ் துவாரம் எஃப் 8, சென்சார் உணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் அரை நொடி. லென்ஸில் இருக்கும் நடுக்கம் தடுக்கும் பொத்தானை அணைத்து, ரெண்டு நொடி டைமர் வைத்தேன். ஃபேனை நிறுத்தச் சொன்னேன். அரை நொடி என்றால் சுவரில் தொங்கும் தினத்தாள் காலண்டர்கூட அசைந்து கலங்கிவிடும்.

ஷோகேஸ் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் விரிப்பின் பளபளப்புக்கும் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கிற ஃபில்டர்) போட்டுத் திருப்பினேன், பாதி குறைந்தது. எவர்சில்வர் செம்பின் மினுக்கத்துக்கு அது உதவாது, உலோகத்திடம் அந்த வித்தை பலிக்காது. செம்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன், சரியாகிவிட்டது. அடுக்களை வழியாகப் புறவாசல் வெளிச்சம் வெள்ளையாக அடித்தது. ரெட்டைக் கதவில் ஒன்றைச் சாத்தினேன். வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டுகிற வித்தையும் இருக்கிறது, செய்கிறவர்கள் செய்யட்டும். எனக்குக் கதவைச் சாத்துவது சுலபம்.

டேபிளைக் காலி செய்யச் சொல்லவில்லை. மாத்திரை டப்பா இருந்தது, ஊறுகாய் ஜாடி இருந்தது. கேஸ்கட்டை மட்டும் எடுத்துவிட்டேன். டைமர் ஓடும்போது மதினி அடுக்களையிலிருந்து துணியோடு வந்து விரிப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். நிறுத்தச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஷட்டர் விழுந்துவிட்டது.

கிழக்கு ஜன்னல் வெளிச்சம் டேபிளின் பாதியில் விழுந்து, செம்பின் விளிம்பில் ஒரு கோடு போட்டு, சுவரில் மங்கிப் போயிருந்தது. ஒன்பதடி அறை ஒன்பதடியாகவே இருந்தது. அண்ணன் அதைத்தான் பெரிதாக பிரிண்ட் போட்டுப் பட்டாசலில் மாட்டியிருக்கிறான்.

மதினிக்கு மட்டும் ஒரு குறை. முகம் தெளிவாக இருக்கிறது, இந்தத் தடவை அகலமாகவும் இல்லை. துணி பிடித்த கை மட்டும் புகை மாதிரி கலைந்திருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் காட்டி, "எல்லாம் சரியாத்தான் எடுத்திருக்காரு, என் கையைத்தான் காணோம்" என்கிறாள்.