ஆமைப்பூட்டு – கடிதமும் பதிலும்

அன்ரிக்கு வணக்கம்,

வெள்ளவத்தையில் இருக்கிறேன், கணக்காய்வு வேலை. ஒபிஸ் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கும், கை குளிரும். எட்டுக் கிழமையாக ஓர் உளவளத்துணையாளரிடம் போகிறேன். அவர் செய்வது சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் சிகிச்சை. ஒவ்வொரு முறையும் ஒரு தாள் தருவார். என்ன நடந்தது, என்ன நினைத்தேன், அதற்கு ஆதாரம் என்ன, மாற்றி எப்படி நினைக்கலாம் என்று கட்டங்கள். எல்லாம் ஆங்கிலம். 'அந்தரமாக இருந்தது' என்பதை 'ஆங்சைட்டி' என்று எழுதிக் கொடுக்கிறேன். உளவியல் படிக்கும் நண்பர் ஒருவர், இது காயத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டும் வேலை, வேரைத் தோண்ட உளப்பகுப்பாய்வுதான் வேண்டும், இதை நிறுத்து என்கிறார். எது சரி?

– ம.

அன்புள்ள ம.,

முதலில் ஏச்சு. எட்டுக் கிழமை போன இடத்தை நண்பர் சொன்னார் என்று நிறுத்துவீரோ? படபடப்புக் குறைந்ததா இல்லையா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. நண்பரின் பிளாஸ்டர் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

பழைய முறைப்படி உளப்பகுப்பாய்வு என்றால் கிழமைக்கு நாலைந்து நாள், வருடக்கணக்கில். அதற்குக் காசு யார் தருவது என்று அவரிடமே கேளும். சிபிடியைத் தொடங்கிய ஆரன் பெக்கும் உளப்பகுப்பாய்வு கற்றவர்தான். மனச்சோர்வு என்பது தன்மேலேயே திரும்பிய கோபம் என்ற, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டின் கருத்தை நிரூபிக்கத்தான் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். அகப்பட்டதோ தோல்வியும் இழப்பும். 1960களில் வழி மாறினார். மறுபக்கமும் உண்டு. லண்டன் டாவிஸ்டொக் மனநலச் சிகிச்சை நிலையத்தில், மற்றச் சிகிச்சைகளுக்கு மசியாத மனச்சோர்வுள்ள 129 பேரிடம் செய்த ஆய்வு 2015இல் வந்தது. ஒன்றரை வருட உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை முடிந்த கையோடு, வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த இரண்டு வருடத்தில்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது. நண்பருக்கு இது போதும்.

எனக்கு உறுத்துவது அந்த 'ஆதாரம்' கட்டம்.

என் பெரியம்மா ஒவ்வொரு இரவும் ஏழு தடவை கேற்றடிக்குப் போவா, ஆமைப்பூட்டைப் பார்க்க. வயதான பிறகு நான்தான் அவவை ஓரிடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பிள்ளை நல்ல பிள்ளை. தாளை வைத்துக்கொண்டு கேட்டாள்: "பூட்டாவிட்டால் ஆக்கள் வருவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?"

பெரியம்மா சிரித்தா. "வந்தவங்கள், பிள்ளை."

83 யூலையில், தமிழரை அடித்த கலவரத்தின்போது, எனக்கு ஒன்பது வயது. பின்மதிலால் ஏறிப் பக்கத்துச் சிங்கள வீட்டுக்குள் விழுந்தோம். பிறகு பம்பலப்பிட்டியில் முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். வீடு எரிந்தது. கொழும்பில் இந்த ஆதாரக் கட்டத்தை நிரப்ப எங்கள் ஆக்களுக்கு ஒரு நிமிடம் போதும். அடுத்த கட்டத்தில் 'சமநிலையான எண்ணம்' என்று எதை எழுதுவது?

ஆனால் அதுவும் முழுக்கதை இல்லை. ஒருநாள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. திறந்தா. கொஞ்ச நேரம் நின்றா. திரும்பப் பூட்டினா. ஏழு தடவையும் அப்படித்தான். கேட்டதற்கு மறுமொழி இல்லை. மாதங்கள் கழித்து, முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது தானாகச் சொன்னா: அன்றைக்கு ரோசியைச் சங்கிலியில் கட்டி, கேற்றையும் பூட்டிவிட்டுத்தான் மதிலேறினாவாம். நாய் குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம்.

கள்ளனுக்குப் பயம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தாளும் அப்படித்தான் நினைத்தது. நாய்க்குக் கட்டம் இல்லை. கதிர்காமத்தில் சடைமுடி வளர்த்த பெண்களிடம் போன மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, அவர்களின் நம்பிக்கை உண்மையா பொய்யா என்று விசாரிக்கவில்லை. அந்தச் சடைக்குள் ஒவ்வொருத்தியும் எந்த வேதனையை முடிந்து வைத்திருக்கிறாள் என்று கேட்டார். ஃப்ராய்டிடம் நான் எடுத்துக்கொள்வது இந்த ஒரு கேள்வியைத்தான். மற்றதை நண்பரே வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அந்தப் பிள்ளையின் தாளால் ஏழு இரண்டானது. பெரியம்மா நித்திரை கொண்டா. இரண்டு தடவை கேற்றடியில் நிற்பதை மட்டும் கடைசிவரை விடவில்லை, நாங்களும் விடச் சொல்லவில்லை.

உமது போனுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒபிஸ் மனேஜராகவே இருக்கலாம், எல்லாத்துக்கும் வேர் தேடவும் தேவையில்லை. வாற கிழமையும் போம். தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும்? 'அந்தரம்' என்று அதில் தமிழிலேயே எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டும்.