தமிழ் இணையத்தளத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்க எங்கிருந்து தொடங்குவது?

சிறு அமைப்பு ஒன்றுக்குத் தமிழில் தளம் செய்கிறீர்கள். கண் தெரியாதவர்களும் கை இயலாதவர்களும் வயதானவர்களும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறீர்கள். ஆங்கில வழிகாட்டிகளைத் திறந்தால் தலை சுற்றுகிறது, எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுத்தை முதலில் பாருங்கள். தளத்தில் இருக்கும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும், எந்தக் கருவியும் தமிழ் என்று அறியும் பொதுக் குறியீடான யூனிகோட் எழுத்தாக இருக்கிறதா, இல்லை எழுத்து மாதிரித் தெரியும் வேறொன்றாக இருக்கிறதா? நம் தளங்களில் பெரிய அடைப்பு அங்கேதான். ஆங்கில வழிகாட்டிகளில் இதற்குப் பெரிதாக இடமில்லை, அவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

நான் கிளிநொச்சியில் இருந்து சங்கங்களுக்கும் சிறு கடைகளுக்கும் தளம் செய்து கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் விவசாயிகள் அமைப்பு ஒன்றுக்குச் செய்தேன். விதைநெல் எப்போது வரும், கூட்டம் எப்போது, யார் யார் விண்ணப்பிக்கலாம் என்ற அறிவித்தல்கள்தான் அதில் முக்கியம். முடித்ததும், தளத்தைத் தானாகவே சோதித்து மதிப்பெண் போடும் லைட்ஹவுஸ் கருவியை ஓட்டினேன். எல்லோரும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் அணுகல் பகுதியில் 100க்கு 100. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த அமைப்பின் உறுப்பினர் ஒருவர் மாங்குளத்துக்கு உள்ளே இருக்கிறார். 2009இல் போரில் செல் துண்டு பட்டு இரண்டு கண்ணும் போனவர். இப்போது ஆடு வளர்க்கிறார். போனில், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் என்ற திரைவாசிப்பானைப் போட்டு வாட்சப், செய்தி எல்லாம் கேட்பவர். வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, "தம்பி, உங்கட பக்கத்தை ஒருக்கா இருந்து கேளுங்கோ" என்று போனை எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

டாக்பேக்கில் விரலை வலப்பக்கம் இழுத்தால் அடுத்த உருப்படிக்குப் போகும், இரண்டு தரம் தட்டினால் அது திறக்கும். அவர் விரல் போகப் போக, "அறிவித்தல், படம்" என்றது. அடுத்ததும் "அறிவித்தல், படம்". நான்கு தரம் அதே. அலுவலகத்தில் இருந்து வந்த நோட்டீஸ்களைப் படமாகவே ஏற்றி, படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் மாற்று உரையாக எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லைப் போட்டிருந்தேன். மாற்று உரை இருக்கிறதா என்றுதான் சோதனைக் கருவி பார்க்கும், அதில் விஷயம் இருக்கிறதா என்று பார்க்காது.

அதற்குக் கீழே பழைய அறிவித்தல்கள். அவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை, அதே எழுத்துருவைத் தளத்திலும் இணைத்து அப்படியே ஒட்டியிருந்தேன். போன் ஏதோ உளறத் தொடங்கியது. அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இங்கிலீசும் இல்லை, தமிழும் இல்லை. இது என்ன பாஷை தம்பி?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாமினியில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரியும் சொல்லின் உள்ளே கிடப்பது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற 5 ஆங்கிலக் குறிகள். அதற்குமேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறோம், அவ்வளவுதான். கண் உருவத்தைப் பார்க்கிறது, திரைவாசிப்பான் உள்ளே இருப்பதை வாசிக்கிறது. கூகிள் தேடலும் அதைத்தான் வாசிக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கவும் முடியாது.

ஆகவே உங்கள் முதல் வேலை இது. பாமினியில் உள்ளதை எல்லாம் எழுத்துரு மாற்றியில் (கன்வெர்ட்டர்) போட்டு யூனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு ஒருவர் வரிவரியாகப் பார்க்க வேண்டும், எண்களும் நிறுத்தக்குறிகளும் சில இடங்களில் குழம்பி வரும். படமாக வரும் நோட்டீஸைப் பக்கத்தில் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். அழகுக்குப் படமும் வேண்டும் என்றால் கீழே இருக்கட்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது தாளின் படம்தான். வேர்டில் இருந்து எடுத்த பிடிஎஃப்பையும் நம்பிவிடாதீர்கள். 'கெ', 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி, கேட்கும்போது சொல் சிதைந்து வருவதைப் பல தரம் பார்த்திருக்கிறேன். ஒரு அறிவித்தலுக்குச் சாதாரண வலைப்பக்கமே போதும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். ஆயிரம் குறிகள் கொண்ட அறிவித்தல் 3 கிலோபைட் அளவில்தான் வரும். அதையே படமாக ஏற்றினால் சில நூறு கிலோபைட்டில் இருந்து சில மெகாபைட் வரை போகும். ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் இடங்களில் அந்தப் படம் திறக்கவே திறக்காது. அங்கே கண் நன்றாகத் தெரிபவருக்கும் நோட்டீஸ் கிடைக்காது.

எழுத்து சரியானதும், பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில், அதாவது வலைப்பக்கத்தை எழுதும் குறிமொழியில், சொல்லுங்கள். முதல் குறியில் 'லாங்' (lang) என்ற இடத்தில் 'டிஏ' (ta) என்று இருக்க வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் வார்ப்புருவை (டெம்ப்ளேட்) வாங்கிப் போட்டால் அது ஆங்கிலம் என்றே கிடக்கும், யாரும் கவனிப்பதில்லை. திரைவாசிப்பான் எந்தக் குரலில் வாசிப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். தமிழை ஆங்கிலக் குரலிடம் கொடுத்தால் சில குரல்கள் வாயே திறக்காது.

அப்புறம் போர் நடந்த எங்கள் வன்னியில் கண் மட்டுமல்ல பிரச்சினை. விரல் போனவர்கள், ஒரு கை போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் நெருக்கி வைத்த சிறு பட்டன்களில் கட்டைவிரலின் பக்கவாட்டால் தொடுபவர் ஒவ்வொரு தரமும் தவறானதையே திறப்பார். 2023 ஒக்டோபரில் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் நெறிமுறை, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது, சில விலக்குகளோடு. என்னைக் கேட்டால் 44 வையுங்கள். படிவத்தை நிரப்ப நேரக் கெடு வைப்பதையும் முடிந்தவரை தவிருங்கள். ஒரு கையால் அடையாள அட்டை எண்ணைத் தட்டுபவருக்கு 2 நிமிடம் போதாது.

நிறத்துக்கும் அதே நெறிமுறையில் கணக்கு இருக்கிறது: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5க்கு 1. வடிவமைப்பாளர்கள் விரும்பும் 777 என்ற நிறக்குறி கொண்ட சாம்பல், வெள்ளைப் பின்னணியில் 4.48தான் வரும், மயிரிழையில் தவறிவிடும். வயல் வரம்பில் மத்தியான வெயிலில் நின்று போனைப் பார்ப்பவருக்கு அந்தச் சாம்பல் தெரியவே தெரியாது. கறுப்பாகப் போடுங்கள். இரண்டு விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் வரி வார்ப்புருவில் இருந்தால் உடனே அழித்துவிடுங்கள். என் அம்மா எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் செய்வது அதைப் பெரிதாக்குவதுதான். பெரிதாகாவிட்டால் போனை என்னிடம் நீட்டிவிடுவார்.

கணினியில் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டாப் விசையால் மட்டும் உங்கள் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். என் 'அனுப்பு' பட்டன் உண்மையில் பட்டனே இல்லை, நிறம் பூசிய ஒரு பெட்டி. டாப் அதைத் தாண்டிப் போனது. எச்டிஎம்எல்லின் சொந்தப் பட்டனைப் போட்டதும் சரியாகிவிட்டது.

கணினியில் கேட்டுப் பார்க்க என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது, ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் தமிழ்க் குரல் அதனோடேயே வரும். ஒரு வரியை ஒட்டினால் தளம் முழுவதும் சரியாகிவிடும் என்று விற்கும் நீட்சிகளை வாங்காதீர்கள். பாமினியை அவை தமிழாக்கப் போவதில்லை.

'இதற்கு ஏன் செலவு' என்று அமைப்பில் யாரும் கேட்டால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்றும், அதே உரிமைகளுக்கான ஐநா சமவாயத்தை நாடு 2016இல் ஏற்று உறுதி செய்தது என்றும் சொல்லுங்கள். அந்தச் சமவாயத்தின் 9ஆவது உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. நான் சட்டம் பேசவில்லை. அமைப்பின் தலைவரை அந்த மாங்குளத்து அண்ணையின் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் போனைக் கேட்கவைத்தேன். அடுத்த வாரமே அலுவலகத்தில் யூனிகோடுக்கு மாறினார்கள்.

மாற்றி முடித்துச் சில மாதம் கழித்து அந்த அண்ணையிடம் இருந்து அழைப்பு வந்தது. "தம்பி, கூட்டம் மேல 14ஆம் திகதி எண்டு கிடக்கு, கீழ 15 எண்டு கிடக்கு. எது சரி?" அந்த அறிவித்தல் ஏறி இரண்டு நாள் ஆகியிருந்தது, அதுவரை வேறு யாரும் கேட்கவில்லை. அலுவலகத்துக்கு எடுத்து விசாரித்தேன். 15தான் சரி. திருத்திவிட்டு அவருக்குத் திரும்ப எடுத்துச் சொன்னேன்.