பொலிவியாவின் கொச்சபம்பா நகர அலலாய் ஏரி: இரண்டு நாமக்கோழியும் ஒரே இனமா?

ஏரியில் பார்த்த நாமக்கோழிகளில் (கரிய நீர்ப்பறவை) வெள்ளை நெற்றி ஒன்று, செம்பழுப்பு நெற்றி ஒன்று, எடுத்த படமும் மங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஆண்டீஸ் மலை நாமக்கோழிதான் (Andean coot). நெற்றித் தகடு (அலகுக்கு மேலுள்ள வெறும் பகுதி) வெள்ளையானால் அலகும் வெள்ளை. செம்பழுப்பானால் அலகு மஞ்சள். இந்த நிற வேறுபாடு ஆண், பெண் வித்தியாசமும் இல்லை. உண்மையில் ஏமாற்றுவது தாழைக்கோழி: நெற்றியும் அலகும் சிவப்பு, அலகு நுனி மட்டும் மஞ்சள், விலாவில் வெள்ளைக் கோடு. கரையேறினால் காலைப் பாருங்கள். நாமக்கோழி விரல்களில் மடல் மடலாகச் சவ்வு இருக்கும். தாழைக்கோழிக்கு நீண்ட வெறும் விரல்கள்.

படம் மங்கியதற்கு லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். பத்து மணிக்குப் போயிருக்கிறீர்கள். அந்த ஏரி இருக்கும் 2,500 மீட்டருக்கு மேலான உயரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். தரை சூடேறிக் கானல் அலைந்தால் 600 மி.மீ. லென்ஸும் உதவாது. விடிந்ததும் போய்க் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் முதுகில் விழும். அது தென்கோளம், ஆகஸ்ட் நண்பகலில் அங்கே சூரியன் வடக்கே இருக்கும் (நம் ஊர்ப் பழக்கம் இங்கேதான் காலை வாரும்), அப்போது வடகரையில் நில்லுங்கள். கரும்பறவை பளிச்சென்ற நீரில் நின்றால் கேமராவின் எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தின் வெளிச்ச அளவு) +1 வையுங்கள். வெயிலில் வெளிறிய பூநாரைக்கு −⅔. டோட்டோரா கோரை ஓரம் அசையாமல் இருபது நிமிடம் நின்றாலே முக்குளிப்பான் வெளியே வரும்.