வருகிறேன் என்றவர்கள் ஏன் வருவதில்லை? தன்னார்வலர் கேள்வி-பதில்

சிறிய அறக்கட்டளை ஒன்றில் மாலைப் படிப்பு மையங்களுக்கான தன்னார்வலர்களைப் பல வருடம் கவனித்துக்கொண்டவன் என்பதால், இந்த மாதிரி கேள்விகள் எனக்கு நிறைய வரும். இந்த முறை ஆறு கேள்விகள்.

எங்கள் மையத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் 140 பேர் இருக்கிறார்கள். ஞாயிறு வரச் சொன்னால் ஆறு பேர்கூட வருவதில்லை. மக்களுக்கு ஆர்வமே இல்லையா? (வாசகி, திண்டுக்கல்)

ஆர்வம் இருக்கிறது அம்மா. என்ன வேலை என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. "முடிந்தவர்கள் வாருங்கள்" என்று குழுவில் போட்டால், மற்றவர்கள் போய்க்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். "செவ்வாய்தோறும் மாலை 5.30 முதல் 7 வரை, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேருக்குத் தமிழ் வாசிப்பு, மூன்று மாதத்துக்கு ஒருவர் வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். எழுதிவிட்டு, இதற்குப் பொருத்தமானவர் என்று நீங்கள் நினைக்கும் நான்கு பேரைப் போனில் கூப்பிடுங்கள். பெயர் சொல்லி அழைத்தால்தான் அது அழைப்பு.

அடுத்தது முதல் நாள். எங்கள் மையத்துக்கு ஒருமுறை ஓர் இளைஞர் வந்தார். அன்று எல்லாரும் பரபரப்பாக இருந்தோம். அவர் கொஞ்ச நேரம் ஓரமாக நின்றார், பிறகு தானே விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்கிவிட்டுப் போய்விட்டார். மறுபடி வரவே இல்லை. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது. அதற்குப் பிறகு, புதிதாக வருபவரை வரவேற்க ஓர் ஆள், அவருக்கென எடுத்து வைத்த ஒரு வேலை, அன்று இரவே "எப்படி இருந்தது?" என்று ஒரு போன், இந்த மூன்றையும் விட்டதே இல்லை.

இரண்டு வாரம் வராதவரையும் கூப்பிட்டு விசாரியுங்கள். தேர்வாக இருக்கும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும். இடையில் விட்டுவிட்டோமே என்ற கூச்சத்திலேயே நின்றுபோனவர்கள் நிறைய பேர்.

தன்னார்வலர்களுக்குப் பயணச் செலவு கொடுத்தால் தொண்டு மனப்பான்மை கெட்டுப்போகும் என்கிறார் எங்கள் செயலாளர். (வாசகர், விழுப்புரம்)

கெடாது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பெண்களின் தொண்டு எந்த விதத்தில் குறைந்தது? நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. இறங்கிய பிறகு ஷேர் ஆட்டோவுக்குக் காசு வேண்டுமே. கேட்பவர்களுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள், தேவை அதிகம் உள்ளவர் வாய்விட்டுக் கேட்கவே மாட்டார். எல்லாருக்கும் கொடுங்கள். வேண்டாம் என்பவர் உண்டியலில் போட்டுவிடட்டும்.

கல்லூரி என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர்கள் சான்றிதழுக்காக மட்டும் வருகிறார்கள். சேர்க்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 என்பது அவர்களுக்கான கணக்கு. அந்த நேரத்தை மரம் நட்டுப் படம் எடுப்பதிலேயே கழிக்க வைத்தால் குறை நம்முடையது. கல்லூரியின் திட்ட அலுவலரிடம் பருவத் தொடக்கத்திலேயே பேசி, ஒரு மாணவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று ஒப்படையுங்கள். வாரம் இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம் என்றால் பத்து வாரத்தில் முப்பது மணி நேரம் ஆகிவிடும். எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை அதற்குள் ஒரு பத்தி வாசிக்கத் தொடங்கியிருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்த மாணவர் சான்றிதழ் வாங்கிய பிறகும் வருவார். கல்லூரித் தேர்வுக் காலத்துக்கு மட்டும் மாற்று ஆள் பார்த்து வையுங்கள்.

ஒரு நிறுவனத்திலிருந்து நாற்பது ஊழியர்கள் ஒரு சனிக்கிழமை வந்து சுவருக்கு வர்ணம் அடிக்கிறோம் என்கிறார்கள். போன வருடம்தான் அடித்தோம். மறுத்தால் நிதி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, கோவை)

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு சொல்கிறது. அது பணச் செலவு. ஊழியர்கள் வந்து உழைத்த நேரத்துக்கு ஒரு தொகை போட்டு அதில் கணக்குக் காட்ட முடியாது. ஆகவே நிதியைத் தனியாகப் பேசலாம், ஆட்களைத் தனியாகப் பேசலாம். நாற்பது பேர் ஒரு நாள் வருவதைவிட, நான்கு பேர் ஆறு மாதம் உங்கள் கணக்கு வழக்கைக் கணினியில் ஏற்றித் தந்தால் உங்களுக்கு எவ்வளவு உதவி! அதைக் கேளுங்கள். விருந்தினர் முன் ஆட வைப்பதற்காகப் பிள்ளைகளை விடுமுறை நாளில் வரவழைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எங்களிடம் 60 பிள்ளைகள் படிக்கிறார்கள். உதவ வருபவரிடம் ஆதார், முகவரி எல்லாம் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைக்க மாட்டார்களா? (வாசகர், மதுரை)

நினைத்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். நல்ல மனதோடு வருபவருக்குக் காரணத்தைச் சொன்னால் புரியும். அடையாளச் சான்றின் நகல், அவரைத் தெரிந்த இருவரின் தொலைபேசி எண், அந்த இருவரிடமும் நீங்களே பேசுவது, இவை முடிந்த பிறகுதான் பிள்ளைகளோடு வேலை. முதல் மாதம் பழைய ஆசிரியர் ஒருவர் கூடவே இருக்கட்டும். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் தனியறையில் இருக்கக் கூடாது. வீட்டுக்குக் கூட்டிப்போவது, இரவில் தனியாகச் செய்தி அனுப்புவது, தனியாகப் பரிசு வாங்கித் தருவது எதுவும் கூடாது. இந்த விதி அறங்காவலருக்கும் பொருந்த வேண்டும், எனக்கும் உங்களுக்கும்கூட.

பிள்ளைகளிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததாகத் தெரிந்தால் "நம் டிரஸ்ட் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள் முடித்துக்கொள்வோம்" என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி சுவரில் எழுதி, அது எதற்கு என்றும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைத் தன்னார்வலர்கள் தங்கள் ஸ்டேட்டஸில் வைப்பதையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 67. உதவி செய்யப் போன இடத்தில் "உங்களுக்கு எதற்கு ஐயா சிரமம்" என்று உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். (வாசகர், காரைக்குடி)

ஐயா, அவர்கள் மரியாதையாகத்தான் செய்திருக்கிறார்கள், இழப்பு அவர்களுக்குத்தான். மறுபடி போங்கள், இந்த முறை வேலையை நீங்களே கையில் கொண்டு போங்கள். முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை விண்ணப்பங்கள், முடங்கிப்போன வங்கிக் கணக்கு, கேஒய்சி (வங்கி கேட்கும் அடையாள விவரச் சரிபார்ப்பு), வாரிசு நியமனம் என்று அலைகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பலருக்கு எந்த ஜன்னலில் எதைக் கேட்பது என்பதே தெரியாது. உங்களுக்கு அது கைவந்த வேலை. "செவ்வாயும் வெள்ளியும் காலை 10 முதல் 12 வரை இங்கே இருப்பேன், ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கண்ணாடியோடு, எழுதும் பேனா இரண்டு, மை அட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கைநாட்டு வைக்க நிறைய பேர் வருவார்கள்.